குழந்தைகளின் நாட்பட்ட மலச்சிக்கல்

இரண்டாம் வகுப்பில் பயிலும் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவன் கடைசி வரிசையில் தனியே அமர்கிறான். அவனுடைய கால்சட்டையில் நாள்தோறும் சிறிது மலம் கசிந்திருக்கிறது. உடன் பயிலும் சிறுவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுகின்றனர். ஆசிரியர் அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்கிறார். வீட்டில் தாய் அடிக்கிறாள். ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம், "பிள்ளைக்கு ஓயாமல் வயிறு போகிறது" என்று முறையிடுகிறாள். அவரும் கழிச்சலுக்குரிய உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துச் செல்கிறார்.

இவர்களுள் எவரும் சிறுவனுக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். ஆயினும் அனைவரும் தவறிழைக்கின்றனர். அவனுக்கு உள்ளது வயிற்றுப்போக்கு அன்று; அதற்கு நேர்மாறான நாட்பட்ட மலச்சிக்கல். கால்சட்டையில் கசிவது அவன் அறிந்து செய்யும் செயலும் அன்று. இந்நோயைப் பற்றிய தெளிவான அறிவு மருத்துவரைவிடச் சிற்றூர்ப் பணியாளருக்கும் ஆசிரியருக்குமே முதலில் வேண்டப்படுகிறது. ஏனெனில், அத்தகைய பிள்ளையை முதலில் காண்பவர் அவர்களே.

மலம் வெளியேறும் முறை

உண்ட உணவின் சத்துகள் சிறுகுடலில் உறிஞ்சப்பட்ட பின்னர், எஞ்சிய சக்கை நீர்மமாகப் பெருங்குடலை அடைகிறது. பெருங்குடலின் தலையாய பணி அந்நீரை உறிஞ்சுதலாகும். சக்கை அங்கே எத்துணை நேரம் தங்குகிறதோ அத்துணை நீரை இழந்து இறுகுகிறது. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் மலச்சிக்கலின் இயல்பு முழுவதும் விளங்கும்.

இறுகிய சக்கை, பெருங்குடலின் கடைப்பகுதியாகிய மலக்குடலை வந்தடையும்போது அதன் சுவர் விரிகிறது. அவ்விரிவே மலம் கழிக்க வேண்டும் என்ற உணர்ச்சியைத் தோற்றுவிக்கிறது. ஆசனவாயைச் சுற்றி இரண்டு சுருக்குத் தசைகள் உள்ளன. உட்புறத் தசை தானே இயங்குவது. மலக்குடல் விரிந்தவுடன் தளர்ந்து வழிவிடுவது. வெளிப்புறத் தசையோ மனிதனின் விருப்பத்திற்கு உட்பட்டது. தக்க இடமும் நேரமும் வாய்க்கும்வரை மலத்தை அடக்கிக்கொள்ள உதவுவது இதுவே. குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு வயதுக்கு மேல் இதனை ஆளக் கற்றுக்கொள்கின்றனர்.

உணவு இரைப்பையை அடைந்தவுடன் பெருங்குடல் அசைவு கொள்ளுதல் இயற்கை. காலையுணவுக்குப் பின் பலருக்கும் மலம் கழிக்கும் உணர்ச்சி எழுவது இதனாலேயே. குந்தி அமரும் நிலையில் மலக்குடலுக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள வளைவு நேராகிறது. ஆதலால் மலம் எளிதில் இறங்குகிறது. இவ்விரண்டு இயற்கை அமைப்புகளையும் சிகிச்சையில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சிக்கல் முடிச்சிடும் விதம்

நாட்பட்ட மலச்சிக்கலுடைய குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு உடலுறுப்பில் யாதொரு குறையும் இல்லை. நோய் பெரும்பாலும் ஒரு சிறு நிகழ்ச்சியில் தொடங்குகிறது. காய்ச்சலின்போது உணவும் நீரும் குறைந்து மலம் ஒருநாள் இறுகியிருக்கலாம். தாய்ப்பாலிலிருந்து திட உணவுக்கு மாறிய காலமாக இருக்கலாம். கழிப்பிடப் பழக்கத்தை அளவுக்கு மீறி வற்புறுத்தியிருக்கலாம். பள்ளியிற் சேர்ந்த புதிதில் அங்குள்ள கழிப்பிடத்திற்குச் செல்லக் கூசியிருக்கலாம். எவ்வாறாயினும், ஒருமுறை பருத்து இறுகிய மலம் ஆசனவாயைக் கீறிக்கொண்டு வெளியேறுகிறது. குழந்தை வலியால் துடிக்கிறது.

வலியை நினைவிற் கொண்ட குழந்தை அடுத்த முறை உணர்ச்சி எழும்போது அதனை அடக்குகிறது. கால்களைப் பின்னிக்கொள்ளும், நுனிக்காலில் நிற்கும், சுவரையோ தாயின் சேலையையோ பற்றிக்கொண்டு உடலை விறைக்கும், முகம் சிவக்கும். பார்ப்பவர், குழந்தை மலம் கழிக்க முக்குகிறது என்று எண்ணுவர். உண்மையில் அது கழிக்காதிருக்கவே முயல்கிறது. சிறிது நேரத்தில் உணர்ச்சி தணிந்துவிடும். மலம் உள்ளேயே தங்கும். தங்கிய மலம் மேலும் நீரை இழந்து கல்லாகும். மூன்று நான்கு நாள் கழித்து அது வெளிவரும்போது வலி முன்னினும் மிகுதியாகும், அச்சமும் மிகும். வலியால் அடக்கல், அடக்கலால் இறுக்கம், இறுக்கத்தால் வலி என இது செக்குமாடு போல் சுற்றிச் சுற்றி வருகிறது.

மாதங்கள் செல்லச் செல்ல மலக்குடல் ஊதிய பை போல் விரிகிறது. விரிந்த குடல், சிறிதளவு மலம் வந்தால் உணர்ச்சி காட்டாது. குழந்தைக்குத் தன் மலக்குடல் நிரம்பியிருப்பதே தெரியாமற் போகிறது. அப்போது மேலிருந்து வரும் நீர்த்த மலம், அடைத்து நிற்கும் கட்டியின் ஓரமாக வழிந்து, குழந்தை அறியாமலே ஆடையிற் கசிகிறது. மேற்கூறிய சிறுவனின் நிலை இதுவே. இது கழிச்சல் அன்று, வழிதல். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் படுக்கையில் சிறுநீர் கழித்தலும், சிறுநீர்ப் பாதையில் அடிக்கடி நோய்த்தொற்றும் உடன் தோன்றுவதுண்டு. பசியின்மை, வயிற்றுவலி, எரிச்சல் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும்.

தீவுகளின் நிலைமை

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581 மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1970களில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தென் அந்தமானிலும் பெரிய நிக்கோபாரிலும் தமிழர் வாழ்கின்றனர். எம்மொழி பேசும் குடும்பமாயினும், தீவு வாழ்க்கையின் மூன்று இயல்புகள் குழந்தைகளின் மலச்சிக்கலோடு தொடர்புடையவை.

முதலாவது, உணவு. தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரம் 2024ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்டது. அது சென்னையிலிருந்து கடல்வழியே ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றுள் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. கப்பல் தாமதித்தால் காய்கறி அருகி விலை ஏறும். அந்நாட்களில் பல வீடுகளில் குழந்தையின் தட்டில் சோறும் மீனுமே இருக்கும். இவை நல்ல உணவுகளாயினும், தீட்டிய அரிசியில் நார்ச்சத்து மிகக் குறைவு. மீனில் அறவே இல்லை. இடையில் பசிக்குத் தரப்படும் பிஸ்கட்டும் பால் தூளைக் கரைத்த பாலும் அக்குறையைத் தீர்ப்பதில்லை.

இரண்டாவது, நீர். தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. எனினும் சனவரி முதல் ஏப்ரல் வரை மழை குன்றும். செங்குத்தான நிலத்தில் நீர் தங்காது. இக்காலத்தில் நகரிலும் முறைவைத்துக் குடிநீர் வழங்க நேர்கிறது. நீர் குறைந்தால் குழந்தை பருகுவதும் குறையலாம். அதனினும் முக்கியமாக, பள்ளிக் கழிப்பிடத்தில் நீர் இல்லாதுபோகும். நீரில்லாக் கழிப்பிடத்தைக் கண்டு அஞ்சும் பிள்ளை நாள் முழுதும் அடக்கும்.

மூன்றாவது, தொலைவு. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து பெரிய நிக்கோபாரின் காம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே உள்ளது. மாயாபந்தரில் டாக்டர் இராஜேந்திர பிரசாத் மருத்துவமனையும், கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையும், தலைநகரில் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையும் உள்ளன. ஆயினும் சிறு தீவிலிருந்து ஒரு குழந்தையை மாதந்தோறும் மருத்துவமனைக்குக் கொண்டுவருதல் எளிதன்று. மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு இது பெருந்தடை. ஆகவே, அருகிலுள்ள துணை மையப் பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியருமே சிகிச்சையின் தூண்களாக அமைகின்றனர்.

மனத்துயரமும் இந்நோய்க்கு ஒரு காரணமாகலாம். இலங்கையில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 16 வயது வரையிலான பள்ளி மாணவரிடையே நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு மலச்சிக்கல் காணப்பட்டது. போர் நிகழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த மாணவரிடமும், வீட்டிலோ பள்ளியிலோ துன்ப நிகழ்ச்சிகளுக்கு ஆளான மாணவரிடமும் அது மிகுதியாக இருந்தது. 2004 திசம்பர் 26ஆம் நாள் சுனாமியைக் கண்ட தீவுகளின் பணியாளர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. இடம்பெயர்தல், பெற்றோரைப் பிரிதல், பள்ளி மாறுதல் போன்றவை நேர்ந்த குழந்தையிடம் வயிற்றின் நிலையையும் கேட்டறிதல் வேண்டும்.

நோயை அறியும் முறை

தினமும் மலம் கழியவில்லை என்பதால் மட்டும் ஒரு குழந்தைக்கு நோய் உண்டு என்று முடிவு செய்யலாகாது. தாய்ப்பாலை மட்டும் பருகும் கைக்குழந்தை சில நாட்களுக்கு ஒருமுறை மலம் கழிப்பினும், மலம் இளகியிருந்து எடையும் ஏறுமானால் அது நலமே.

உலக மருத்துவர் ஏற்றுள்ள 2016ஆம் ஆண்டு ரோம் அளவுகோலின்படி, கீழ்க்காணும் குறிகளுள் இரண்டோ அவற்றிற்கு மேலோ ஒரு மாதமேனும் காணப்படின், உறுப்புக் குறையைச் சாராத மலச்சிக்கல் எனக் கொள்ளலாம்:

1. வாரத்தில் இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ மலம் கழித்தல்.
2. கழிப்பிடப் பழக்கம் ஏற்பட்ட பின்னும் வாரத்தில் ஒரு முறையேனும் ஆடையில் மலம் கசிதல்.
3. மலத்தை அடக்கும் உடல்நிலைகள்.
4. மலம் இறுகியிருத்தல் அல்லது வலியோடு கழிதல்.
5. கழிப்பிடத்தை அடைக்கும் அளவுக்குப் பருத்த மலம்.
6. மலக்குடலில் பெரிய மலக்கட்டி இருத்தல்.

தாயிடம் கேட்கும் கேள்வி தெளிவாக இருத்தல் வேண்டும். "மலச்சிக்கல் உண்டா?" என்று வினவினால், ஆடையில் கசிவதைக் கண்ட தாய் "இல்லை" என்றே விடை கூறுவாள். "மலம் ஆட்டுப்புழுக்கை போல் வருகிறதா? வெடிப்புகளுடன் தடித்த கட்டியாக வருகிறதா? வாழைப்பழம் போல் வழவழப்பாக வருகிறதா? கூழாக வருகிறதா?" என்று வினவுதல் பயன் தரும். இவ்வாறு மலத்தின் வடிவை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டும் படம் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்களால் அமைக்கப்பட்டது. புழுக்கை போன்றது முதல் வகை. வழவழப்பானது நான்காம் வகை. நான்காம் வகையே சிகிச்சையின் இலக்கு.

தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டியவர்

சில குழந்தைகளுக்கு மலச்சிக்கல் வேறொரு நோயின் அறிகுறியாகும். பெரும்பாலான குழந்தைகள் பிறந்த 24 மணி நேரத்திற்குள் கரும்பச்சை நிறமான முதல் மலத்தைக் கழிக்கின்றன. 48 மணி நேரம் கடந்தும் கழிக்காத குழந்தையின் பெருங்குடலில் நரம்பணுக்கள் இல்லாதிருக்கக்கூடும். டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886ஆம் ஆண்டில் விவரித்த இந்நோய், ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படுகிறது. இதற்கு அறுவை மருத்துவமே தீர்வு; மலமிளக்கியால் காலம் கடத்துதல் உயிருக்கு ஆபத்து.

பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய சிக்கல், வயிறு பெருத்து உப்புதல், பச்சை நிற வாந்தி, எடை ஏறாமை, வெடிப்பு இல்லாமலே குருதி கழிதல், நாடா போல் மெலிந்த மலம், கால்களில் வலுவின்மை, முதுகின் அடிப்பகுதியில் குழியோ மயிர்க்கொத்தோ காணப்படுதல், வளர்ச்சி குன்றித் தோல் உலர்ந்து மந்தமாக இருத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் உடனே மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். இறுதியாகக் கூறியது தைராய்டுச் சுரப்பியின் குறையைக் காட்டக்கூடும். ஆசனவாய்ப் பகுதியைப் பார்க்க முயலும்போது குழந்தை அளவிறந்த அச்சம் கொள்ளுமாயின், அக்குழந்தைக்கு எவரேனும் தீங்கு இழைத்தனரா என்பதையும் மருத்துவர் கனிவோடு ஆராய்தல் வேண்டும்.

சிகிச்சையின் முதற்படி: வெறுமையாக்குதல்

இச்சிகிச்சை மூன்று படிகளைக் கொண்டது. அவற்றின் வரிசை மாறலாகாது. மலக்கட்டி அடைத்திருக்கும்போது கீரையும் பழமும் மட்டும் மிகுதியாகக் கொடுப்பின் அடைப்பின்மேல் சுமை கூடுமேயன்றி வழி திறவாது. ஆதலால் முதலில் குடலை வெறுமையாக்குதல் வேண்டும்.

இதற்கு இன்று பெரிதும் விரும்பப்படும் மருந்து பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் தூள். இது குடலில் உறிஞ்சப்படுவதில்லை. தன்னோடு கரைந்த நீரை உடல் உறிஞ்சாதவாறு பிடித்துவைத்துக் கட்டியை ஊறவைத்து இளக்குகிறது. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைக் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, இப்படிக்குரிய அளவு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை. காலம் 3 முதல் 6 நாட்கள். 20 கிலோ எடையுள்ள அச்சிறுவனுக்கு இது நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஆகும். அளவை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். குறித்த அளவு நீரில் முழுதும் கரைத்துப் பருகச் செய்வதும், குழந்தை உண்மையாகப் பருகுகிறதா என்று காண்பதும் பணியாளரின் பொறுப்பு. இம்மருந்தை ஏலாதவர்க்கு ஆசனவாய் வழியே எனிமா தருவதுண்டு. அதனை மருத்துவமனையில் மட்டுமே செய்தல் தகும். முன்பே வலிக்கு அஞ்சிய குழந்தைக்கு அது அச்சத்தை மிகுவிக்கலாம்.

இந்நாட்களில் ஆடையில் கசிவது முன்னிலும் மிகும். வயிறும் சற்றே வலிக்கும். இதனைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லாவிடின், "மருந்து பேதியாக்கிவிட்டது" என்று இரண்டாம் நாளிலேயே நிறுத்திவிடுவாள். பள்ளி விடுமுறையில் இதனைத் தொடங்குதல் பிள்ளையின் மானத்தைக் காக்கும்.

இரண்டாம் படி: இளக்கமாக வைத்திருத்தல்

குடல் வெறுமையானவுடன் நோய் நீங்கிற்று என எண்ணுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். விரிந்த மலக்குடல் சுருங்கித் தன் உணர்ச்சியை மீண்டும் பெறுவதற்கு மாதங்கள் ஆகும். வலியின் நினைவு மறைவதற்கும் அவ்வாறே. ஆகவே நாள்தோறும் ஒருமுறை வலியின்றி இளகிய மலம் கழியுமாறு மருந்தைக் குறைந்த அளவில் தொடர்தல் வேண்டும்.

அதே நெறிமுறை, கிலோவுக்கு 0.4 கிராம் என்ற அளவில் தொடங்கி, 0.2 முதல் 0.8 கிராம் வரை ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாம் எனக் கூறுகிறது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தொடக்க அளவு 8 கிராம். லாக்டுலோஸ் என்னும் இனிப்பான பாகு மற்றொரு நல்ல மருந்து. ஒரு வயதுக்குட்பட்டவர்க்கு மருத்துவர் பெரும்பாலும் இதனையே தருவர். இரண்டு மாதங்களேனும் மருந்து தொடர வேண்டும். குறிகள் யாவும் நீங்கி ஒரு மாதமேனும் கழிந்த பின்னரே, அதுவும் சிறிது சிறிதாக, மருந்தைக் குறைத்தல் வேண்டும். சிகிச்சை பெறும் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேர் 6 முதல் 12 மாதங்களில் மருந்தின்றி நலமடைகின்றனர். மற்றவர்க்கு இன்னும் நீண்ட காலம் வேண்டியிருக்கும்.

"மருந்துக்குக் குடல் அடிமையாகிவிடும்" என்ற அச்சம் பெற்றோரிடம் பரவலாக உண்டு. மேற்கூறிய இரண்டு மருந்துகளும் மலத்தில் நீரைத் தங்கச் செய்து வேலை செய்பவை. இவற்றால் அத்தகைய தீங்கு நேர்வதில்லை. உண்மையில் குடலைக் கெடுப்பது நாட்பட்ட அடைப்பே.

தீவுகளில் ஒரு சிறப்பான எச்சரிக்கை தேவை. கடல் கொந்தளித்துக் கப்பல் வாராத வாரத்தில் மருந்து தீர்ந்துபோனால், மூன்று மாத உழைப்பு வீணாகும். ஆதலால் சிகிச்சையிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாத மருந்து முன்னதாகவே கையிருப்பில் இருக்குமாறு மருந்துக் கோரிக்கையை எழுதி அனுப்புதல் வேண்டும்.

மூன்றாம் படி: பழக்கம்

காலையிலும் இரவிலும் உணவு முடிந்தவுடன் குழந்தையைக் கழிப்பிடத்தில் 5 முதல் 10 நிமிடம் அமரச் செய்தல் வேண்டும். மலம் வந்தாலும் வாராவிடினும் அமர்ந்ததற்காகப் பாராட்டுதல் முறை. வாராமைக்காகக் கடிதல் தவறு. குந்தும் கழிப்பிடமாயின் கால்கள் நன்கு ஊன்றவும், பெரிய குழியைக் கண்டு அஞ்சாதிருக்கவும் உதவி செய்தல் வேண்டும். நாற்காலி போன்ற கழிப்பிடமாயின் தொங்கும் கால்களுக்குக் கீழே பலகை ஒன்றை வைத்தல் வேண்டும்.

படகிலோ பேருந்திலோ பள்ளி செல்லும் பிள்ளைகள் விடியலில் அவசரமாக உண்டு புறப்படுகின்றனர். உணவுக்குப் பின் எழும் இயற்கை உணர்ச்சி வழியிலேயே வீணாகிறது. அரைமணி நேரம் முன்னதாக எழுப்புதல் இதற்கு எளிய தீர்வு. இரண்டு வயதுக்கு முன் கழிப்பிடப் பழக்கத்தை வற்புறுத்தலாகாது. சிகிச்சையின்போது நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் மலம் கழிந்ததையும், அதன் வடிவையும், கசிவையும் குறித்துவருதல் வேண்டும். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அக்குறிப்பே மருந்தளவை முடிவு செய்ய உதவும்.

உணவும் வீட்டு மருந்தும்

உணவு இந்நோய்க்கு முழு மருந்து அன்று; ஆயினும் மீண்டும் வாராமற் காப்பதில் அதற்குப் பங்குண்டு. குழந்தையின் வயதோடு ஐந்தைக் கூட்டினால் கிடைக்கும் எண், நாளொன்றுக்கு வேண்டிய நார்ச்சத்தைக் கிராமில் தரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 12 கிராம். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 5 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்து உண்டு. அதே எடை வாழைப்பழத்தில் 2 கிராம் அளவில் உள்ளது. கப்பலை எதிர்பாராமல் தீவு மண்ணிலேயே வளரும் முருங்கைக்கீரை, பசலை, வாழைப்பூ, பப்பாளி, கொய்யா, வள்ளிக்கிழங்கு ஆகியவற்றை வீட்டுப் புறக்கடையிலும் பள்ளித் தோட்டத்திலும் பயிரிடலாம். நிக்கோபார் மக்கள் தொன்றுதொட்டு உண்டுவரும் தாழைப் பழத்தின் கூழும் கிழங்குகளும் இவ்வகையில் சிறந்தவை. சுனாமியில் தாழைக் காடுகளும் தென்னந்தோப்புகளும் பெரிதும் அழிந்தன. அவ்வுணவைக் குழந்தைகள் மறவாதிருக்கச் செய்தல் பள்ளியின் நற்பணி.

நார்ச்சத்தையும் நீரையும் வயதுக்குரிய அளவில் கொடுத்தல் போதும். அளவை மீறிக் கொடுப்பதால் நோய் விரைந்து நீங்குவதில்லை. பாலே உணவாக உள்ள பிள்ளைக்குப் பாலைக் குறைத்து உணவைக் கூட்டுதல் வேண்டும்.

மாதத்திற்கு ஒருமுறை விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. அது குடலைத் தூண்டிச் சுருங்கச் செய்யும். அடைப்புள்ள குழந்தைக்கு அதனால் கடுமையான வலி உண்டாகும். ஒருநாள் கழிந்த பின் மீண்டும் அடைப்பே நிலைக்கும். கைக்குழந்தையின் ஆசனவாயில் வெற்றிலைக் காம்பையோ சோப்புத் துண்டையோ செருகும் வழக்கமும் உண்டு. அது மெல்லிய தோலைப் புண்ணாக்கி, நோய்க்கு வித்தாகிய வலியையே தோற்றுவிக்கும். திரவ பாரஃபின் எண்ணெய் கைக்குழந்தைகளின் நுரையீரலில் புகுந்து தீங்கு செய்யக்கூடும். இவற்றைக் கைவிடுமாறு பாட்டிமாரிடம் சொல்லும்போது இகழ்ச்சி கூடாது. அவர்களே மருந்து கொடுப்பதில் நல்ல துணைவராவர்.

ஆசிரியரின் பங்கு

கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பிடம் பள்ளியில் இருத்தல் வேண்டும் என அது வகுத்தது. கழிப்பிடம் கட்டப்பட்டிருந்தால் மட்டும் போதாது. நீரும் தாழ்ப்பாளும் வெளிச்சமும் இருந்தாலே குழந்தை அதனைப் பயன்படுத்தும். கோடையில் ஒரு தொட்டி நீரையேனும் இதற்கென ஒதுக்கிவைத்தல் வேண்டும். வகுப்பு நடக்கும்போது வெளியே செல்ல அனுமதி கேட்கும் பிள்ளையை, "மணி அடிக்கட்டும்" என்று நிறுத்துதல் கூடாது. சிகிச்சையிலுள்ள பிள்ளை கேட்காமலே எழுந்து செல்ல ஆசிரியர் தனியே அனுமதி அளித்துவிடலாம்.

ஆடையில் கசிந்த பிள்ளையைப் பிறர் முன் அழைத்துக் கேட்கலாகாது. மாற்று உடை ஒன்றைப் பள்ளியில் வைத்திருக்குமாறு பெற்றோரிடம் சொல்லி, தானே சுத்தம் செய்துகொள்ள ஓர் இடத்தைக் காட்டுதல் போதும். பெற்றோரிடம், "உங்கள் மகன் அழுக்கன்" என்று சொல்வதற்கு மாறாக, "அவனுக்கு ஒரு நோய் உண்டு; அதற்கு மருந்து உண்டு" என்று சொல்லும் ஆசிரியர் பாதிச் சிகிச்சையைச் செய்தவராவார்.

மேற்கூறிய சிறுவன் நலமடையப் பல மாதங்கள் ஆகும். இடையில் ஓரிரு முறை நோய் மீளவும் கூடும். அப்போது முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்குதல் வேண்டும், மனம் தளரலாகாது. அறுவையோ அரிய கருவியோ அவனுக்குத் தேவையில்லை. நீரிற் கரையும் ஒரு தூளும், உணவுக்குப் பின் பத்து நிமிடமும், அவனை அடிக்காத கைகளுமே தேவை. இவை கிடைப்பின் அவன் கடைசி வரிசையை விட்டு மற்றவரோடு வந்து அமர்வான்.

பயிற்சிக்குரிய வினாக்கள்

1. ஆடையில் மலம் கசியும் பிள்ளைக்குக் கழிச்சலா, அடைப்பா என்பதை எவ்வினாக்களால் அறியலாம்?
2. குடலை வெறுமையாக்குவதற்கு முன் நார்ச்சத்தை மட்டும் மிகுவித்தல் ஏன் பயன் தராது?
3. எவ்வெக் குறிகள் காணப்படின் குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்?
4. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதற்படியிலும் இரண்டாம் படியின் தொடக்கத்திலும் மருந்தின் அளவு யாது?
5. தம் பள்ளியின் கழிப்பிடத்தில் பிள்ளைகள் அஞ்சுதற்குரியவை எவையென ஒவ்வொருவரும் பட்டியலிட்டு, அவற்றுள் ஒரு மாதத்தில் நீக்கக்கூடியவற்றைக் குறிப்பிடுக.